கால்பந்தை ஆளும் கைகள்

தேசம் தன் சுதந்திரத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடிய 2022 ஆகஸ்ட் மாதத்தில், அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தை உலகக் கால்பந்து சம்மேளனமான பிஃபா இடைநீக்கம் செய்தது. அப்போது, ஆசியப் பெண்கள் கழகப் போட்டியில் ஆடுவதற்காகத் தாஷ்கண்ட் நகர் வரை சென்றுவிட்ட கோகுலம் கேரளா அணியின் வீராங்கனைகள், யாதொரு குற்றமும் செய்யாதிருந்தும், ஓர் ஆட்டமும் ஆடாமல் ஊர் திரும்ப நேர்ந்தது. டில்லி அலுவலகத்தில் மூண்ட பிணக்குக்கு அந்தப் பெண்கள் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று வினவுவோர், முதலில் ஒரு தேசத்தின் கால்பந்து நிர்வாகம் எவ்விதம் அமைந்திருக்கிறது என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

மாவட்டத்துச் சங்கம், அதற்கு மேல் மாநிலச் சங்கம், அதற்கும் மேல் தேசிய சம்மேளனம், அதன்பின் ஆசிய சம்மேளனம், யாவற்றுக்கும் சிகரமாகப் பிஃபா என்று படிப்படியாக உயர்ந்து செல்வது இந்த அமைப்பு. 1937-இல் சிம்லாவில் தோன்றிய நம் தேசிய சம்மேளனம், 1948-இல் பிஃபாவில் அங்கம் பெற்று, 1954-இல் ஆசிய சம்மேளனத்தின் ஸ்தாபக உறுப்பினர்களில் ஒன்றாகவும் திகழ்ந்தது. 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கமும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் ஸ்தானமும் பெற்ற அணிகளை அனுப்பிய பெருமையும் அதற்கு உண்டு. தேசிய அணியைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சியாளருக்கு உரிமச் சான்று அளிப்பது, நடுவர்களைத் தயார் செய்வது, ஆட்டக்காரர்களைப் பதிவு செய்வது ஆகிய பொறுப்புகள் யாவும் அதனிடமே குவிந்திருப்பதால், அது நோயுற்றால் நாடெங்கும் ஆட்டம் நோயுறுகிறது.

2022-இல் நேர்ந்ததும் அதுவே. தேசிய சம்மேளனத் தலைவரின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்த பிறகும் தேர்தல் நடைபெறவில்லை. அமைப்பு விதிகளைப் பற்றிய வழக்கோ நீதிமன்றத்தில் நீண்டுகொண்டே போயிற்று. ஆகவே அவ்வாண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் மூவர் குழுவிடம் நிர்வாகத்தை ஒப்படைக்க, உறுப்புச் சங்கங்களில் வெளியார் தலையீடு கூடாது என்ற தன் விதியைக் காட்டிப் பிஃபா கதவை அடைத்தது. குழு கலைக்கப்பட்டு, ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்கி, செப்டம்பர் 2-ஆம் தேதி நடந்த தேர்தலில் பாய்ச்சுங் பூட்டியாவை 33-க்கு 1 என்ற வாக்குக் கணக்கில் வென்று கல்யாண் சௌபே தலைவரானார். உரிய காலத்தில் தேர்தல் நடந்திருக்குமாயின் நீதிமன்றமும் தலையிட்டிராது, தடையும் வந்திராது என்பதே இந்நிகழ்ச்சி புகட்டும் பாடம்.

ஓய்வுபெற்ற நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் சம்மேளனத்துக்கு வகுத்த அமைப்பு விதிகளை 2025 செப்டம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் சில திருத்தங்களுடன் ஏற்றது. பதினால்வர் அடங்கிய நிர்வாகக் குழுவில் ஐவர் முன்னாள் ஆட்டக்காரர்களாகவும், அவர்களுள் இருவர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது அவ்விதிகளின் சாரமான அம்சம். மைதானத்தில் வியர்வை சிந்தியவர்களுக்கு நிர்வாக மேஜையில் ஆசனம் கிடைப்பதை வரவேற்கத்தான் வேண்டும்.

எனினும், டில்லியில் திருத்தப்பட்ட விதி தானாகவே மதுரைக்கு வந்து சேர்ந்துவிடாது. வைகைத் தண்ணீர் கண்மாய்க்குக் கண்மாய் இறங்கி வருகையில் இடையில் ஒரு மடை தூர்ந்தாலும் கடைமடை வயல் காய்ந்துபோவதைக் கண்ட நமக்கு, பணமும் பயிற்சியும் கீழே வந்து சேராத அவலத்தை விளக்க வேண்டியதில்லை. மேலிருந்து அவை இறங்க வேண்டியிருக்க, ஆட்டக்காரரோ கீழிருந்துதான் ஏற வேண்டும். மாவட்ட லீக் ஆட்டம் தொடங்குமுன் பெயர்ப் பட்டியல் எழுதி, பிறப்புச் சான்றிதழைச் சரிபார்த்து, கோட்டுக்கு வெளியே வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் காலணி ஆணிகளை நடுவர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கும் அந்தச் சில நிமிஷங்களில்தான் தேசத்தின் கால்பந்து நிர்வாகம் உண்மையில் உயிர் பெறுகிறது. அந்தப் பட்டியலில் ஏறாத பெயர் மாநில அணியையோ இந்திய அணியையோ எட்டுவது அரிது.

நம் கரிசல் பூமிக்குத் திறமைப் பஞ்சம் இல்லை. மதுரைக்குத் தெற்கே காரியாபட்டி வட்டாரத்துச் சேது தொழில்நுட்பக் கல்லூரியின் ஆதரவில் வளர்ந்த சேது கால்பந்துக் கழகத்துப் பெண்கள், 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று, இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தைக் கொண்டுவந்தார்கள். தமிழகப் பெண்கள் அணியும் 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் பட்டம் வென்றிருக்கிறது. இந்த வெற்றிகளை நிலைநிறுத்த வேண்டுமானால், ஆண்டுதோறும் தவறாத மாவட்ட லீக், பெண்களுக்கென்று தனிப் போட்டி, பகிரங்கமான வரவு செலவுக் கணக்கு, காலந்தவறாத தேர்தல் ஆகிய நான்கும் இன்றியமையாதவை.

ஆகவே மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள முன்னாள் ஆட்டக்காரர்களையும், உடற்பயிற்சி ஆசிரியர்களையும், பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோர்களையும் கேட்டுக்கொள்வது ஒன்றே: கோல் விழும்போது கைதட்டுவதுடன் நின்றுவிடாதீர்கள், ஊர்க் கழகத்தை மாவட்டச் சங்கத்தில் சேருங்கள், பொதுக்குழுவுக்குச் செல்லுங்கள், கணக்கைக் கேளுங்கள், தகுதியுள்ளவருக்கு வாக்களியுங்கள்.