எல்.கே.ஜி. முதல் மாதம்: குழந்தை அழுவது ஏன்? பாடம் தொடங்காதது ஏன்? பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மழலையர் வகுப்பு வாசல்களில் இரண்டு புகார்கள் தவறாமல் கேட்கும். முதல் வாரத்தில், "உள்ளே விட்டாலே அழறான், என்ன பண்றதுன்னே தெரியல" என்பது. மூன்றாவது வாரத்தில், "ஒரு மாசம் ஆகப்போகுது, இன்னும் 'அ' கூட எழுதச் சொல்லித் தரல" என்பது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் புதிய இடத்தில் பழகுவதே அந்த மாதத்தின் பாடம். அங்கன்வாடி, பிளே ஸ்கூல், எல்.கே.ஜி. எதுவானாலும் இது பொருந்தும். அந்தப் பாடத்துக்கு நேரம் கொடுக்காமல் பென்சிலைத் திணித்தால் அழுகை நீளும், படிப்பும் பின்தங்கும்.

குழந்தை ஏன் அழுகிறது?

வீட்டில் அம்மா, அப்பா, பாட்டி என்று சில முகங்கள்தான். எப்போது பசிக்கும், எப்படித் தூங்கும், எதற்குச் சிணுங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். திடீரென ஒரு காலைப்பொழுதில் அந்த முகங்கள் ஒன்றுகூட இல்லாத அறையில், இருபது குழந்தைகளுக்கு நடுவே உட்கார வைக்கிறோம். பெரியவர்களுக்கே புது ஆபீஸில் முதல் வாரம் வயிற்றைப் பிசையும். குழந்தைக்குச் சொல்லவே வேண்டாம்.

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, பிறந்த குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் உள்ள பிணைப்பு பற்றி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விரிவாக எழுதினார். குழந்தைக்கு ஒரு பாதுகாப்பான ஆள் பக்கத்தில் இருந்தால்தான் அது துணிந்து சுற்றிப் பார்க்கும், விளையாடும், கற்கும். அந்த ஆள் காணாமல் போனால் கற்பது நின்று, தேடுவது தொடங்கிவிடும். வாசலில் கேட்கும் அழுகை அந்தத் தேடல்தான். அது அடமும் இல்லை, செல்லம் கொடுத்துக் கெடுத்ததன் விளைவும் இல்லை.

இன்னொரு சிக்கல் நேரம். மூன்று வயதுக்கு "மூணு மணிக்கு வந்துடுவேன்" என்றால் புரியாது. மூன்று மணி எப்போது வரும் என்று அதற்குத் தெரியாது. "சாப்பிட்டு, தூங்கி எழுந்து, பாட்டுப் பாடினதும் அம்மா வந்துடுவேன்" என்றால் புரியும். சொன்ன இடத்தில், சொன்ன வேளையில் தினமும் வந்து நின்றால், நான்கைந்து நாளில் குழந்தை அதை நம்பத் தொடங்கும்.

சொல்லாமல் நழுவலாமா?

பல வீடுகளில் கையாளும் வழி இது. குழந்தை பொம்மையைப் பார்க்கும்போது பின்வாசல் வழியாக நழுவிவிடுவது. அப்போதைக்கு அழுகை கேட்காது. ஆனால் திரும்பிப் பார்க்கும் குழந்தைக்கு ஆளைக் காணோம். 'நான் அசந்தால் அம்மா போய்விடுவாள்' என்பதுதான் அது கற்றுக்கொள்ளும் பாடம். மறுநாள் பொம்மையைத் தொடவே தொடாது, புடவைத் தலைப்பையோ துப்பட்டாவையோ விடாது.

அதற்கு மாறானதும் உதவாது. வாசலில் பத்து நிமிடம் கட்டிப்பிடித்து, போய், திரும்பி வந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது அழுகையை நீட்டிக்கும். சொல்லிவிட்டு, ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, கிளம்பிவிட வேண்டும். தினமும் அதே வார்த்தை, அதே வரிசை.

ஜெர்மனியில் பெர்லின் முறை என்று ஒரு பழக்கம் இருக்கிறது. 1980-களில் உருவானது. முதல் மூன்று நாளும் அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு அறையிலேயே இருப்பார். அந்த நாட்களில் குழந்தையைத் தனியே விட்டுச் செல்லும் முயற்சியே கிடையாது. நான்காவது நாள்தான் முதல்முறையாக, சொல்லிவிட்டுச் சிறிது நேரம் வெளியே போவார். குழந்தையை ஆசிரியரால் சமாதானப்படுத்த முடிகிறதா என்று பார்த்துத்தான் அடுத்த நாளின் நேரத்தைக் கூட்டுவார்கள். இங்கிலாந்தில் ஐந்து வயது வரையான குழந்தைகளுக்கான மையங்களில், ஒவ்வொரு குழந்தைக்கும் பொறுப்பான ஓர் ஆள் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்பதைவிட, 'இந்த மிஸ் என் மிஸ்' என்பது குழந்தைக்குப் பெரிய பலம்.

ஒரே நாளில் எத்தனை மாற்றங்கள்?

வீட்டிலிருந்து மையத்துக்கு வருவது மட்டுமே மாற்றம் இல்லை. உள்ளே வந்த பிறகும் பாட்டிலிருந்து கதைக்கு, கதையிலிருந்து வெளி விளையாட்டுக்கு, விளையாட்டிலிருந்து கை கழுவ, சாப்பிட, படுக்க, எழுந்திருக்க என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது குழந்தை ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டும். அடிதடி, கடி, அழுகை எல்லாம் அதிகம் நடப்பது இந்த இடைவேளைகளில்தான்.

அனுபவமுள்ள ஆசிரியர்கள் இதைக் கையாளும் விதம் எளிமையானது. சறுக்குமரத்திலிருந்து நேராக இழுத்து வர மாட்டார்கள். "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டு கை கழுவப் போலாம்" என்று முன்கூட்டியே சொல்வார்கள். பொம்மை எடுத்து வைக்க ஒரு பாட்டு, வரிசையில் நிற்க ஒரு பாட்டு. பாட்டுத் தொடங்கினாலே அடுத்து என்ன என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாக என்ன நடக்கும் என்பதைப் படங்களாகச் சுவரில் ஒட்டி வைப்பதும் இதற்குத்தான்.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் உண்டு. மாதத்துக்கு ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு அதையொட்டிப் பாட்டு, கதை, விளையாட்டு என்று போகும். பெயரிலேயே வரிசை இருக்கிறது. ஆடல், பாடல், விளையாட்டு. எழுத்து அதற்குப் பிறகுதான்.

'இன்னும் எழுதவே ஆரம்பிக்கலையா?'

பக்கத்து வீட்டுக் குழந்தை பிளே ஸ்கூலில் ஏ டு இசட் எழுதுகிறது என்று கேள்விப்பட்டதும் பதற்றம் வரும். ஆனால் எழுத விரல் மட்டும் போதாது. மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகளே முழுமையாக உருவாகியிருக்காது. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்ற வரிசையில்தான் கட்டுப்பாடு வரும். களிமண் பிசைவது, மணி கோப்பது, காகிதம் கிழித்து ஒட்டுவது, மணலில் விரலால் கோடு போடுவது எல்லாம் எழுத்துக்கான உடற்பயிற்சி. நோட்டில் எதுவும் இருக்காது, ஆனால் வேலை நடந்துகொண்டிருக்கும்.

2013-ல் மத்திய அரசு வெளியிட்ட முன்பருவக் கல்விக் கொள்கையும் விளையாட்டு வழி, தாய்மொழி வழிக் கற்றலைத்தான் சொல்கிறது. 3 முதல் 6 வயது வரை 20 குழந்தைகளுக்கு ஒரு பெரியவர், 3 வயதுக்குள் 10 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவையும் அது வைக்கிறது.

அங்கன்வாடியின் நிலைமை

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. பொதுவாக ஒரு மையத்துக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். குழந்தைகளுக்கு அவர்கள் டீச்சர், ஆயாம்மா. குறு மையங்களில் பணியாளர் மட்டுமே.

அந்த இருவரும்தான் சமைத்துப் பரிமாற வேண்டும், எடை போட வேண்டும், சத்துமாவு வழங்க வேண்டும், கர்ப்பிணிகளின் விவரங்களைப் பார்க்க வேண்டும், போஷன் டிராக்கர் செயலியில் பதிவேற்ற வேண்டும். இதற்கு நடுவே புதிதாக வந்து அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளவும் வேண்டும். பெர்லின் முறை நல்ல முறைதான், ஆனால் அதற்குக் கைகள் வேண்டும். முன்பருவக் கல்வி பற்றிப் பேசும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி பாடப்புத்தகம் பற்றியதல்ல, இந்தக் கைகளின் எண்ணிக்கை பற்றியது.

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தமிழக அரசு தொடங்கியது. 2022-ல் அவற்றை நிறுத்தும் பேச்சு வந்து, எதிர்ப்பு எழுந்ததும் வகுப்புகள் தொடரும் என்று அரசு அறிவித்தது. இதன் பெரிய லாபம் ஒன்று உண்டு. அதே கேட், அதே வேப்பமரம், அதே சத்துணவுக் கூடம். 1-ம் வகுப்புக்குப் போகும் நாளில் குழந்தைக்குப் பள்ளி புதிய இடமாக இருக்காது.

1-ம் வகுப்பு எனும் அடுத்த தாண்டல்

பாயிலிருந்து பெஞ்சுக்கு, பாட்டிலிருந்து பீரியடுக்குப் போகும் மாற்றம் இது. வயதிலும் குழப்பம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 5 வயது நிறைந்தால் 1-ம் வகுப்பில் சேரலாம். தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐப் பின்பற்றி, கேந்திரிய வித்யாலயாக்களில் 2022-23 முதல் 6 வயது ஆக வேண்டும். பிற்காலத்தில் பள்ளி மாற்றும் எண்ணம் உள்ள பெற்றோர் எல்.கே.ஜி. சேர்க்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இந்தத் தாண்டலை மென்மையாக்கத் திட்டங்களும் இருக்கின்றன. என்.சி.இ.ஆர்.டி.யின் 'வித்யா பிரவேஷ்' 1-ம் வகுப்பின் முதல் மூன்று மாதத்தை விளையாட்டு வழித் தயாரிப்புக்கு ஒதுக்குகிறது. தமிழ்நாட்டில் 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துச் செயல்பாடுகள் வழியாகச் சொல்லித் தருகிறார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1-ம் வகுப்பில் தொடங்குவதால், அங்கே சேரும் குழந்தைக்குக் காலைச் சாப்பாடும் பள்ளியில்தான். அதுவும் ஒரு மாற்றம்தான், வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

சேர்க்கும் முன் வீட்டில் என்ன செய்யலாம்?

ஒரு வாரம் முன்பே, குழந்தை தானாகத் திறக்கக்கூடிய டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டிலை வாங்கிப் பழக்கலாம். கொக்கி, ஜிப் வேண்டாம். எலாஸ்டிக் வைத்த டிரவுசர் போதும். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் என்றால், மையத்தில் எது என்று கேட்டு, ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டிவிட வேண்டும். வீட்டில் சிறுநீருக்கு, மலத்துக்கு என்ன வார்த்தை சொல்கிறது என்று டீச்சரிடம் சொல்லி வைப்பது மிக முக்கியம். 'உச்சா' என்று சொல்லும் குழந்தையிடம் 'ரெஸ்ட்ரூம் போகணுமா?' என்று கேட்டால் அது விழிக்கும்.

மையத்தில் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. முதல் வாரம் நேரம் குறைவாக விட முடியுமா? பெற்றோர் சிறிது நேரம் உள்ளே இருக்கலாமா? அழுதால் யார் தூக்குவார்கள்? எத்தனை குழந்தைக்கு ஒருவர்? "பெத்தவங்க வந்தா இன்னும் அழும், கேட்டுக்கு வெளியவே விட்டுட்டுப் போங்க" என்பதே பதிலாக இருந்தால், கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில் பழகிவிடும். பகல் முழுக்க சமர்த்தாக இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சின்ன விஷயத்துக்கு வெடித்து அழுவது சகஜம். அடக்கி வைத்ததை நம்பிக்கையான இடத்தில் இறக்குகிறது. நின்றுபோன விரல் சூப்பும் பழக்கமோ படுக்கை நனைப்பதோ கொஞ்ச நாள் திரும்ப வரலாம். காலாண்டு விடுமுறை, பொங்கல் லீவு முடிந்த திங்கட்கிழமையும் பழைய அழுகை எட்டிப் பார்க்கும். விஜயதசமியில் புதிதாகச் சேரும் குழந்தைகள் அழும்போது, பழகியவர்களில் சிலரும் சேர்ந்து அழுவார்கள். இவை எல்லாம் பின்னடைவு இல்லை.

ஆனால் வாரக்கணக்கில் அழுகை கொஞ்சமும் குறையவில்லை, மையத்தில் எதையும் சாப்பிடுவதில்லை, எடை குறைகிறது, இரவில் அலறி எழுகிறது, குறிப்பிட்ட ஒருவரின் பெயரைக் கேட்டாலே நடுங்குகிறது என்றால் 'பழகிடும்' என்று விட்டுவிடக் கூடாது. டீச்சரிடம் பேச வேண்டும், குழந்தைகள்நல மருத்துவரைப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மையத்தை மாற்றவும் தயங்கக் கூடாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் "இன்னிக்கு மிஸ் என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" என்பதுதான் வழக்கமான கேள்வி. முதல் மாதத்தில் அதைத் தள்ளி வைத்துவிட்டு, "இன்னிக்கு யார் பக்கத்துல உக்காந்த?" என்று கேட்கலாம். அதற்குக் குழந்தை ஒரு பெயரைச் சொல்லத் தொடங்கினால், அந்த டேர்மின் முதல் பாடம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். நோட்டுப் புத்தகம் ஜூலையில் வரட்டும்.