வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரி வானூர்தி மன்றம்

வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரி வானூர்தி மன்றம் என்பது, தரையில் நின்றவாறு வானொலி அலைகளின் மூலம் சிறிய வானூர்திகளை இயக்கிப் பறக்கவிடும் பொழுதுபோக்கில் ஈடுபடுவோர், பொதுவான ஒரு பறப்புத் திடலைப் பேணுவதற்காக ஏற்படுத்திக்கொள்ளும் தன்னார்வ அமைப்பு ஆகும். இத்தகைய மன்றங்கள் பல நாடுகளில் உள்ளன. இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவில் உள்ள மன்றங்களின் அமைப்பையும், அவற்றில் புதிய உறுப்பினர் சேரும் முறையையும் விளக்குகிறது.

== வரலாறு ==

வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரி வானூர்தியின் முன்னோடிகளுள் இரட்டையரான வால்டர் குட், வில்லியம் குட் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். 1937 ஆம் ஆண்டு இவர்கள் பறக்கவிட்ட 'கஃப்' என்னும் மாதிரி, சிமித்சோனிய நிறுவனத்தின் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. அக்காலக் கருவிகள் வெற்றிடக் குழாய்களால் ஆனவை, எடை மிகுந்தவை. 1960களில் திரிதடையங்களின் வரவால் கருவிகள் சிறுத்தன. நெம்பை நகர்த்தும் அளவிற்கு ஏற்பவே வானூர்தியின் கட்டுப்பாட்டுப் பரப்புகளும் நகரும் விகிதமுறைக் கட்டுப்பாடும் அப்போது பரவலானது.

மன்றங்களை ஒன்றிணைக்கும் தேசிய அமைப்பான மாதிரி வானூர்தியியல் அகாதமி 1936 இல் தோற்றுவிக்கப்பட்டது. சுருக்கமாக 'ஏஎம்ஏ' எனப்படும் இதன் தலைமையகம் இண்டியானா மாநிலத்தின் மன்சி நகரில் உள்ளது. நாடெங்கும் 2,000க்கும் மேற்பட்ட மன்றங்கள் இதனுடன் இணைந்துள்ளன.

== மன்றத்தின் தேவை ==

மாதிரி வானூர்தி விளையாட்டுப் பொருள் போலத் தோன்றினாலும், அதன் இயக்க ஆற்றல் சிறியதன்று. 2.5 கிலோகிராம் எடையுள்ள மாதிரி நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 500 யூல் ஆகும். இது 5 கிலோகிராம் எடையுள்ள கல் சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பானது. எனவே பூங்கா, விளையாட்டு மைதானம் போன்ற மக்கள் கூடும் இடங்களில் இதனைப் பறக்கவிடுவது ஆபத்தானது. தக்க நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தல், புல் வெட்டி ஓடுபாதையைப் பேணுதல், அண்டை வீட்டாருடன் இணக்கம் காத்தல் ஆகியவை தனி ஒருவரால் இயலாதவை. இவற்றையே மன்றம் கூட்டாகச் செய்கிறது.

== அதிர்வெண் பலகை ==

மன்றங்களில் கூட்டுக் கட்டுப்பாடு இன்றியமையாததாக விளங்கியதற்கு அதிர்வெண் பங்கீடும் ஒரு காரணம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் மாதிரி வானூர்திகளுக்கு 72 மெகா ஏர்ட்சு பட்டையில் 11 முதல் 60 வரை எண்ணிடப்பட்ட 50 தடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒரே தடத்தில் இரு அலைபரப்பிகள் ஒருசேர இயங்கினால், பறந்துகொண்டிருக்கும் வானூர்தியின் அலைவாங்கி குழப்பமடைந்து, அது நிலத்தில் மோதி நொறுங்கும்.

இதனைத் தவிர்க்கத் திடலின் வாயிலருகே ஒரு பலகை வைக்கப்பட்டது. உறுப்பினர் தமது தடத்தின் எண் பொறித்த கவ்வியைப் பலகையிலிருந்து எடுத்து அலைபரப்பியில் மாட்டிக்கொண்ட பின்னரே அதனை இயக்கலாம். கவ்வி பலகையில் இல்லையெனில், பறப்பவர் அதனைத் திருப்பி வைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

2000களின் நடுப்பகுதியில் 2.4 கிகா ஏர்ட்சு பட்டையில் இயங்கும் பரவல் நிறமாலைக் கருவிகள் அறிமுகமாயின. இவற்றில் ஒவ்வோர் அலைவாங்கியும் தனக்குரிய அலைபரப்பியின் அடையாளக் குறியீட்டை மட்டுமே ஏற்கும். ஆகவே பலகையின் தேவை பெரிதும் நீங்கியது.

== மன்றத்தில் சேர்தல் ==

பொதுவாகச் சேர விரும்புபவர் ஒரு விடுமுறை நாளில் திடலுக்குச் சென்று பார்வையிடுவதே முதற்படியாகும். வானூர்தியை வாங்கும் முன்னரே இவ்வாறு செல்வது நன்று. மன்றத்தில் எவ்வகைக் கருவிகளைக் கொண்டு பயிற்சி அளிக்கிறார்கள் என அறிந்து வாங்கினால் வீண் செலவு தவிரும். அடுத்து நிறைவு செய்ய வேண்டியவை:

* தேசிய அமைப்பின் உறுப்புரிமை: ஏஎம்ஏ உடன் இணைந்த மன்றங்கள் இதனைக் கோருகின்றன. பிறருக்கு ஏற்படும் காயத்திற்கும் சேதத்திற்குமான பொறுப்புக் காப்பீடு இதில் அடங்கும். நிலத்தின் உரிமையாளர் நிலத்தைத் தர இசைவதற்கு இக்காப்பீடு பெரிதும் உதவுகிறது.
* அரசுப் பதிவு: 250 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட எடையுள்ள வானூர்தியை வைத்திருப்பவர் நடுவண் வான்பயண நிர்வாகத்திடம் பதிந்து, பெற்ற எண்ணை வானூர்தியின் வெளிப்புறத்தில் எழுத வேண்டும்.
* பாதுகாப்பு அறிவுத் தேர்வு: 'டிரஸ்ட்' எனப்படும் இத்தேர்வு இணையவழியில் கட்டணமின்றி நடத்தப்படுகிறது.
* மன்றச் சந்தா: திடலின் வாடகை, பராமரிப்பு ஆகியவற்றுக்காகப் பெறப்படுகிறது.

== பயிற்சி ==

தொடக்கநிலையினருக்கு உடலின் மேற்புறத்தில் இறக்கை பொருத்திய பயிற்சி வானூர்தி ஏற்றது. இதன் இறக்கைகள் நுனியை நோக்கிச் சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். அதனால் ஒருபுறம் சாய்ந்தாலும் தானே சமநிலைக்குத் திரும்பும் இயல்புடையது.

பயிற்றுநரின் அலைபரப்பியும் மாணவரின் அலைபரப்பியும் கம்பி வழியாகவோ கம்பியின்றியோ இணைக்கப்படுகின்றன. பயிற்றுநர் ஒரு விசையை அழுத்தியிருக்கும்வரை கட்டுப்பாடு மாணவரிடம் இருக்கும். விரலை எடுத்தவுடன் அது பயிற்றுநரிடம் திரும்பும்.

மாணவருக்கு நேரும் முதல் இடர்ப்பாடு திசைமாற்றம் ஆகும். வானூர்தி விலகிச் செல்லும்போது அதன் வலப்புறமும் மாணவரின் வலப்புறமும் ஒன்றே. அது எதிர்நோக்கி வரும்போது இவை எதிரெதிராகின்றன. இதற்கு எளிய வழி, தாழ்ந்திருக்கும் இறக்கை எப்பக்கம் தெரிகிறதோ அப்பக்கமே நெம்பை நகர்த்துவதாகும். இறக்கை நிமிர்ந்துவிடும்.

புறப்பாடு, இரு திசைகளிலும் வட்டமிடல், எட்டு வடிவில் பறத்தல், தரையிறக்கம் ஆகியவற்றைப் பயிற்றுநர் முன்னிலையில் செய்து காட்டிய பின்னர் மாணவர் தனித்துப் பறக்க அனுமதிக்கப்படுவது பொதுவான வழக்கமாகும்.

== திடலின் விதிகள் ==

பறப்புக் கோட்டிற்குப் பின்னால், அதாவது மக்கள் நிற்கும் பக்கம், வானூர்தியைச் செலுத்தக் கூடாது. தரையிறங்கும் முன்பும், இயந்திரம் நின்றுபோனாலும் உரக்க அறிவிக்க வேண்டும். ஆளேறிய வானூர்தி தென்பட்டால் மாதிரியே வழிவிட வேண்டும். சுழலும் விசிறியின் முன்னோ அதன் சுழல்தளத்திலோ நிற்றல் கூடாது. விரல் காயங்களுக்கு இதுவே முதன்மைக் காரணம். இலித்தியம் பாலிமர் மின்கலங்கள் தீப்பற்றக் கூடியவை என்பதால், மின்னேற்றும்போது கண்காணிப்பின்றி விடுதல் கூடாது.

== சட்டமும் திடல்களின் எதிர்காலமும் ==

1981 இல் வெளியான அறிவுரைச் சுற்றறிக்கை மாதிரி வானூர்திகளைத் தன்னார்வ ஒழுங்கிற்கே விட்டிருந்தது. ஆளில்லா வானூர்திகள் பெருகியதால் 2015 டிசம்பரில் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. 2017 மே மாதத்தில் நீதிமன்றம் இதனைப் பொழுதுபோக்காளர் அளவில் நீக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் சட்டத்தின் மூலம் இது மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கட்டுப்பாடற்ற வான்பரப்பில் உயர எல்லை 400 அடி ஆகும்.

பறக்கும்போதே தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்பும் தொலை அடையாள விதியின் அமலாக்கம் 2024 மார்ச்சில் முழுமையடைந்தது. நிர்வாகம் ஏற்றுக்கொண்ட அடையாளப் பகுதிகளுக்குள் இக்கருவி இன்றியும் பறக்கலாம். பல மன்றங்கள் தம் திடல்களுக்கு இத்தகுதியைப் பெற்றுள்ளன. இதனால் பழைய மாதிரிகளையும், மாணவர் தாமே கட்டிய மாதிரிகளையும் எளிதாகப் பறக்கவிட உகந்த இடமாக மன்றத் திடல் விளங்குகிறது. குத்தகை நிலம் குடியிருப்பாக மாறி, ஒரு திடல் இழக்கப்படுமாயின், ஓடுபாதையுடன் இவ்வாய்ப்பும் இழக்கப்படுகிறது.

== இவற்றையும் பார்க்க ==

* வானூர்தி
* வானொலி அலை
* ஆளில்லா வானூர்தி