வண்ணம் ஏறாத முகங்கள்

தென்காசியை அடுத்த குற்றாலத்தில், சித்திரசபையின் சுவரோவியங்களைக் காண்போர் வண்ணங்களில் மயங்கி, அடியிலுள்ள வரைகோடுகளை மறந்துவிடுவர். அக்கோடுகளை வெளிப்படையாகக் காட்டுவன, முகலாய அவையில் முற்றுப்பெறாது நின்ற உருவப்படங்கள்.

அங்கே ஒருவர் கோடு வரைய, மற்றொருவர் வண்ணம் தீட்ட, முகத்தை அதில் தேர்ந்தவர் எழுதுவதுண்டு. அக்பர் பாதுஷா தம் உருவை வரைய அமர்ந்ததோடு, அவைப் பெருமக்களையும் எழுதச் செய்தார்.

1618இல் ஜஹாங்கீர் பாதுஷா, அபினாலும் மதுவாலும் உடல் உருகிய அதிகாரி இனாயத் கானைக் கண்டு திகைத்து, அவரை வரையப் பணித்தார். விரைவில் அவர் மவுத்தானார். வண்ணம் நிறைந்த ஓவியம் ஆக்ஸ்போர்டில் உள்ளது. அதன் முன்வரைவு பாஸ்டனில் உள்ளது. அலங்காரம் மூடாத அம்முன்வரைவே எலும்பெழுந்த உடலின் துயரை நேராக உரைக்கிறது.

பட்டும் பொன்னும் ஏறுமுன் பாதுஷாவும் பணியாளரும் வெறும் கோடுகளே. கஃபன் துணியும் அவ்வாறே அனைவரையும் சமமாக்குகிறது. போதை உருக்குலைக்குமுன் இறைவன் தந்த உடலைப் பேணுவோமாக!