வாடகைக்கு விட வீடு வாங்க நினைப்பவர்களுக்கு

கனடாவுக்கு வந்து நாலைந்து வருடமாகி, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகத் தொடங்கியதும் எம்மவர் குடும்பங்களில் எழும் முதற் பேச்சு வீடு வாங்குவதுதான். அடுத்த பேச்சு, "வாங்குகிற வீட்டை வாடகைக்கு விட்டால் அது தன்பாட்டில் கடனைக் கட்டிவிடாதா?" என்பது. கலியாண வீட்டிலும் கோயில் வாசலிலும் இதற்கு ஆலோசனை சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. வாங்கிய விலையையும் இன்றைய விலையையும் சொல்வார்கள். இடையில் கட்டிய வட்டியையும் மாற்றிய கூரையையும் சொல்லமாட்டார்கள். ரொறன்ரோவிலும் அதன் சுற்றயலிலும் புதிதாகக் குடியேறிய குடும்பங்களை மனதில் வைத்தே இங்கே சில கணக்குகளைத் தருகிறோம்.

முதலில், "வீட்டு விலை ஒருநாளும் இறங்காது" என்ற நம்பிக்கையைக் களைய வேண்டும். ரொறன்ரோப் பகுதியில் 1989 இல் ஒரு வீட்டின் சராசரி விலை ஏறத்தாழ 273,000 டொலர். 1996 இல் அது 198,000 அளவுக்கு வந்துவிட்டது. பழைய விலையை மீண்டும் எட்ட 2002 ஆயிற்று. பதின்மூன்று வருடங்கள்! அதன் பிறகு வந்த நீண்ட ஏற்றத்தை மட்டும் கண்டவர்கள் இதை நம்பவில்லை. 2022 பெப்ரவரியில் சராசரி விலை 13 இலட்சம் டொலரைத் தாண்டியது. அவ்வருடத் தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த மத்திய வங்கியின் வட்டி 2023 யூலையில் 5 வீதமாயிற்று. 2024 யூனிலிருந்து வட்டி குறைக்கப்பட்ட போதிலும், 2025 முடியும்வரை விலை அந்த உச்சத்துக்குத் திரும்பவில்லை. உச்சத்தில் வாங்கி, வட்டி ஏறியபோது விற்க வேண்டி வந்தவர்களே அடிபட்டார்கள். அதே விலைக்கு வாங்கியும் மாதக் கட்டணத்தைத் தாங்கக்கூடியவர்கள் வீட்டை வைத்திருந்தார்கள். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி விலை ஏறுமா என்பதல்ல. ஏறாத வருடங்களில் இந்த வீட்டை எங்கள் சம்பளம் தாங்குமா என்பதே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 800,000 டொலர் வீடு. நீங்கள் குடியிராமல் முழுவதையும் வாடகைக்கு விடப் போகிறீர்கள். இப்படியான வீட்டுக்கு வங்கி ஆகக் குறைந்தது 20 வீதம் முற்பணம் கேட்கும். அது 160,000 டொலர். மிகுதி 640,000 டொலரை 4.5 வீத வட்டிக்கு 25 வருடக் கடனாக எடுத்தால் மாதக் கட்டணம் சுமார் 3,540 டொலர். வீட்டுவரிக்கு 350, காப்புறுதிக்கு 150, திருத்த வேலைக்கு 300 என்று ஒதுக்கினால் மொத்தம் 4,340. மேல் வீட்டை 2,800 க்கும் பேஸ்மென்றை 1,500 க்கும் விட்டால் வருவது 4,300. "பாருங்கள், ஏறத்தாழச் சரிக்குச் சரி" என்று முகவர் சொல்வார். வருடத்தில் ஒரு மாதம் வீடு வெறுமையாகக் கிடந்தாலே கணக்கு மாதத்துக்கு 400 டொலர் வரையில் துண்டுவிழும். கடனைப் புதுப்பிக்கும் நேரத்தில் வட்டி 5.5 ஆக இருந்தால், இதே தொகைக் கடனுக்குக் கட்டணம் 3,900 ஐத் தாண்டும். நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டணத்தில் தொடக்கத்தில் மாதம் 1,100 டொலருக்கு மேல் முதலைக் குறைக்கிறது. அது உங்கள் சேமிப்புத்தான். ஆனால் ஃபேர்னஸ் பழுதான தை மாதத்தில் அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழிக்க முடியாது.

இதனால்தான் முதல் முதலீடாக, தாம் குடியிருக்கும் வீட்டையே வாங்கிப் பேஸ்மென்றை வாடகைக்கு விடுவதை நாம் சிபாரிசு செய்கிறோம். தாமே குடியிருப்பவருக்கு முற்பண விதி வேறு: முதல் 500,000 டொலருக்கு 5 வீதம், அதற்கு மேல் 15 இலட்சம் வரையான வீட்டுக்கு மிகுதிப் பகுதியில் 10 வீதம். அதே 800,000 டொலர் வீட்டுக்கு 55,000 டொலர் போதும். இலவசம் என்று நினைக்காதீர்கள். முற்பணம் 20 வீதத்துக்குக் குறைவானால் கடன் காப்புறுதி கட்ட வேண்டும். இந்தக் கணக்கில் அது 29,800 டொலர். அது கடனோடு சேர்க்கப்படும். அதன் மீதான 8 வீத மாகாண வரி, சுமார் 2,380 டொலர், வீடு கைமாறும் நாளில் கையிலிருந்து கொடுக்க வேண்டிய காசு. மாதக் கட்டணம் ஏறத்தாழ 4,290 ஆகும். வரி, காப்புறுதி, திருத்தம் சேர்த்துப் பேஸ்மென்ற் வாடகையைக் கழித்தால் உங்கள் தலையில் விழுவது 3,600 டொலர் அளவில். இதை இன்று கொடுக்கும் வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கியும் சும்மா விடாது. நீங்கள் பேசிய வட்டிக்கு மேல் 2 வீதம் கூட்டி, அப்போதும் உங்களால் கட்ட முடியுமா என்று பார்த்த பிறகே கடன் தரும்.

ஆனால் பேஸ்மென்ற் சட்டப்படி அமைந்ததாக இருக்க வேண்டும். இரண்டு வீடுகளைக் கொண்ட கட்டடங்களுக்கு 1994 முதல் ஒன்ராறியோவில் தீப்பாதுகாப்பு விதிகள் உண்டு: வெளியேறும் வழி, புகை அறிவிப்பான், மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் இடையே தீத்தடுப்பு. பிராம்ப்ரன் போன்ற நகரங்களில் நகரசபையில் பதிய வேண்டும். "எல்லாரும் இப்படித்தானே விடுகிறார்கள்" என்பது நெருப்புப் பிடித்த அன்று காப்புறுதிக் கம்பனியிடம் எடுபடாது. கீழே படுப்பது பெரும்பாலும் எங்களைப் போல வந்து சேர்ந்த இன்னொரு குடும்பம். விளம்பரத்தில் "பேஸ்மென்ற் வருமானம்" என்று கண்டால் அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்த வாடகையைக் கணக்கில் சேர்க்காமல் விலை பேசுங்கள்.

கைமாறும் செலவில் எம்மவரைத் திகைக்க வைப்பது காணி மாற்ற வரி. 800,000 டொலர் வீட்டுக்கு மாகாணத்துக்கு 12,475 டொலர். ரொறன்ரோ நகர எல்லைக்குள் என்றால் நகரசபைக்கும் அதேயளவு. முதன்முறை வீடு வாங்குவோருக்கு மாகாணம் 4,000 வரையும் நகரம் 4,475 வரையும் கழிவு தருகின்றன. இங்கேதான் ஒரு யாழ்ப்பாணத்துச் சிக்கல் இருக்கிறது. முதன்முறை என்றால் கனடாவில் முதன்முறை என்பதல்ல. உலகில் எங்கும் வீடு இருந்திருக்கக் கூடாது. உங்கள் மனைவிக்குச் சீதனமாக எழுதிய வீடு கலியாணத்தின் பின்னும் அவர் பெயரில் இருந்திருந்தால், இருவருக்குமே கழிவு கிடையாது. ஷெல்லடியில் கூரை போய், பதினைந்து வருடம் எட்டியும் பார்க்காத வீடு என்று நாங்கள் எண்ணலாம். கையெழுத்து வைக்கும் பத்திரம் உரிமையைத்தான் கேட்கிறது. வெறுங்காணி வேறு, வீடு வேறு. உறுதியில் உள்ளதை உள்ளபடி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

பெயர் விஷயத்தில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு ஒன்ராறியோ 2022 ஒக்ரோபரிலிருந்து 25 வீத வரி அறவிடுகிறது. குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ பெற்றவருக்கு இது இல்லை. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் தாம் குடியிருக்க வாங்கினால் விலக்கு உண்டு. ஆனால் அகதி வழக்கு இன்னும் முடியாத தம்பியின் சம்பளமும் சேரட்டும் என்று அவர் பெயரையும் உறுதியில் போட்டால், அவருடைய பங்குக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் வரி விழும். 800,000 டொலருக்கு அது 200,000 டொலர்! 2025 தொடக்கம் ரொறன்ரோ நகரசபையும் தன் பங்குக்கு 10 வீதம் கேட்கிறது. வெளிநாட்டவர் வீடு வாங்குவதற்கான மத்திய அரசின் தடையும் 2023 இலிருந்து இருக்கிறது. வழக்கு முடியாதவர் எவரும் விலை பேச முன் சட்டத்தரணியிடம் போக வேண்டும்.

பிணைக் கையெழுத்தும் இப்படித்தான். மச்சானின் வீட்டுக்கு நீங்கள் கையெழுத்து வைத்தால் அந்தக் கடன் முழுவதும் உங்கள் கணக்கிலும் ஏறும். நாளை உங்கள் வீட்டுக்கு வங்கி கடன் தர மறுக்கலாம். மறுத்துச் சொல்வது எங்கள் பழக்கத்தில் கஷ்டம்தான். "வங்கியில் கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு கிழமை தவணை வாங்குங்கள்.

சீட்டுக்காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. வங்கி வழமையாக மூன்று மாதக் கணக்கறிக்கை கேட்டு, முற்பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கும். கைமாறி வந்த சீட்டுக்காசு கடைசி வாரத்தில் மொத்தமாக விழுந்தால் விளக்கம் சொல்ல முடியாது தவிக்க நேரிடும். முன்கூட்டியே கணக்கில் போடுங்கள். கனடாவில் வதியும், வீடு இல்லாதவர்களுக்கென 2023 இல் வந்த முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கில் வருடம் 8,000 டொலராக மொத்தம் 40,000 வரை போடலாம். போடும் தொகை வருமான வரியையும் குறைக்கும்.

வாடகைக்கு விடுவது எங்கள் ஆளுக்கே ஆனாலும் 2018 இலிருந்து மாகாணத்தின் ஒப்பந்தப் படிவத்தில் எழுத வேண்டும். கடைசி மாத வாடகையை முன்பணமாக வாங்கலாம். சேதத்துக்கென்று தனியாகப் பணம் வாங்கச் சட்டம் இடந்தராது. வாடகையை 12 மாதத்துக்கு ஒருமுறை, 90 நாள் எழுத்து அறிவித்தலோடு, மாகாணம் அறிவிக்கும் வீதத்துக்குள்ளேயே கூட்டலாம். 2025 இல் அது 2.5, 2026 இல் 2.1. வாடகை தராதவரை நீங்களாகப் பூட்டை மாற்றி வெளியேற்ற முடியாது. வாடகைச் சபைக்குப் போக வேண்டும், அதற்கு மாதக்கணக்காகலாம். ஆகவே நாலு மாதக் கட்டணம் கையில் தனியாக இருக்கட்டும். வாடகை வருமானத்தை வரிப் பத்திரத்திலும் காட்ட வேண்டும். காட்டினால் கடன் வட்டியில் வாடகைப் பகுதிக்குரிய பங்கைக் கழிக்கலாம், அடுத்த முறை வங்கியும் அதை வருமானமாக எண்ணும்.

கட்ட முன் விற்கும் கொண்டோவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தொடங்குபவருக்கு வேண்டாம் என்பதே எமது கருத்து. கட்டி முடியும் நாளில் வங்கி அன்றைய மதிப்புக்குத்தான் கடன் தரும். ஒப்பந்த விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கையிலிருந்து போகும். 2022 க்குப் பின் இப்படி அகப்பட்டுக்கொண்டவர்கள் அநேகர்.

வாங்குவதா விடுவதா என்று தயங்குபவர்கள் ஆறு மாதம் ஒத்திகை பார்க்கலாம். இப்போது கொடுக்கும் வாடகை 2,300, வீடு வாங்கினால் வரும் செலவு 3,600 என்றால், வித்தியாசமான 1,300 டொலரை மாதத்தின் முதலாம் திகதியே வேறு கணக்கில் போட்டுவிட்டு மிகுதியில் சீவியுங்கள். ஊருக்கு அனுப்பும் காசையும் பிள்ளைகளின் சங்கீத வகுப்பையும் நிறுத்தாமல் இது முடிந்தால், ஆறாம் மாத முடிவில் 7,800 டொலர் முற்பணத்தோடு சேர்ந்திருக்கும்.