காப்பி சர்வரும் காணாமல் போன பைத்தானும்



"ரெண்டு சர்வர் இருக்கு, ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு பார்த்துக்கும்." இன்பிளான்ட் டிரெயினிங் போன நம்மில் பலர் இந்த வசனத்தைக் கேட்டிருப்போம். நானும் கேட்டேன், நம்பினேன். 2023 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை அந்த நம்பிக்கை போயிற்று.

இடம், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. பெயர் வேண்டாம். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களுக்கு சனிக்கிழமை சாயந்திரம் சம்பளம். யார் எத்தனை பீஸ் தைத்தார், எந்த ரகத்துக்கு என்ன ரேட், முன்பணம் எவ்வளவு கழிக்க வேண்டும் எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கும். அன்று மதியம் முதல் சர்வரின் டிஸ்க் போய்விட்டது. இரண்டாவது சர்வரை முதலாவதாக ஆக்கினோம். பத்தே நிமிஷம். பீஸ் கணக்கு, பெயர்கள், ஒரு வரி குறையவில்லை. டீ குடிக்கப் போனோம்.

ஐந்து மணிக்கு சம்பளப் பட்டியல் பட்டனை அழுத்தினால், 'பிஎல்பைத்தான்3 என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பே இல்லை' என்கிற அர்த்தத்தில் ஒரு ஆங்கில வரி வந்து நின்றது. வெளியே ஆட்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். எஸ்க்யூஎல் மொழியில் எழுதச் சிரமமான கணக்கை டேட்டாபேஸுக்குள்ளேயே பைத்தானில் ஒரு ஃபங்ஷனாக எழுதி வைக்க போஸ்ட்கிரெஸ் இடம் கொடுக்கிறது. அந்த வசதியின் பெயர் பிஎல்பைத்தான்3யூ. கடைசியில் உள்ள 'யூ' நம்பகமற்றது என்பதன் முதலெழுத்து. சர்வரில் உள்ள கோப்புகளைக்கூட அந்த ஃபங்ஷனால் தொட முடியும் என்பதால், சூப்பர்யூசர் மட்டுமே அதை எழுதலாம்.

ஃபங்ஷனின் வரிகள் டேட்டாபேஸின் சொந்த அட்டவணையில், மற்ற டேட்டா மாதிரியே உட்கார்ந்திருக்கும். ஆகவே காப்பி சர்வருக்கும் அது தானாகப் போய்விடும். பிஎல்பைத்தான்3யூ நிறுவப்பட்டிருக்கிறது என்ற பதிவும் கூடவே போய்விடும். பட்டியலைப் பார்த்தால் 'இருக்கிறது' என்றே சொல்லும். ஆனால் அந்த வரிகளை ஓட்டுகிற பைத்தான் டேட்டாபேஸுக்குள் இல்லை. அது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சொத்து, வேறு டைரக்டரியில் கிடக்கிறது. ரெப்ளிகேஷன் அதைத் தொடுவதே இல்லை. சமையல் குறிப்பு வந்து சேர்ந்தது, அடுப்பு வரவில்லை!

சரி, விட்டுப்போன பேக்கேஜைப் போட்டோம். அடுத்த தகராறு: 'பாண்டாஸ் என்ற மாட்யூல் இல்லை'. ஃபங்ஷனை எழுதும்போது போஸ்ட்கிரெஸ் இலக்கணத்தை மட்டும்தான் சோதிக்கும். உள்ளே கேட்கிற மாட்யூல் இருக்கிறதா என்பது ஓட்டும்போதுதான் தெரியும். நான் அவசரமாக என் லாகினில் பிப் கொடுத்து பாண்டாஸை இறக்கினேன். என் டெர்மினலில் வேலை செய்தது. டேட்டாபேஸில் அதே பிழை. ஏன்? பிப் அதை என் ஹோம் டைரக்டரியில் போட்டுவிட்டது. டேட்டாபேஸ் ஓடுவது போஸ்ட்கிரெஸ் என்ற வேறு யூசரின் பெயரில். என் வீட்டுக்குள் இருப்பது அவனுக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முக்கால் மணி நேரம் போனது.

அப்புறம் சிஸ்டம் முழுவதற்குமாகப் போட்டோம். இப்போது 'அப்பெண்ட் என்ற வசதி இல்லை' என்றது. பழைய சர்வரில் இருந்தது பாண்டாஸ் 1.5.3. நான் வெர்ஷன் எண் சொல்லாததால் பிப் புதியதைக் கொண்டுவந்துவிட்டது. டேட்டாஃப்ரேமில் இருந்த அப்பெண்ட், 2023 ஏப்ரலில் வந்த 2.0 வெர்ஷனிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

எண்ணைக் குறிப்பிட்டு 1.5.3 போட்டதும் ஒரு கம்ப்யூட்டரில் பட்டியல் வந்தது, பக்கத்துக் கம்ப்யூட்டரில் வரவில்லை! ஒவ்வொரு இணைப்புக்கும் போஸ்ட்கிரெஸ் தனி பிராசஸ் வைத்திருக்கும். ஏற்கெனவே புது பாண்டாஸை மெமரியில் ஏற்றிக்கொண்ட பிராசஸ், இணைப்பு துண்டிக்கப்படும்வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கும். எல்லா இணைப்பையும் வெட்டி மறுபடி இணைத்தபோது மணி ஒன்பதரை. வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு அக்கா கேட்டார்: "ஏனுங் தம்பி, ரெண்டாவது மிசின்லயும் எல்லாம் இருக்குதுன்னு சொன்னீங்களாமா?" பதில் சொல்ல வாய் வரவில்லை.

இது போஸ்ட்கிரெஸுக்கு மட்டும் வருகிற வியாதி அல்ல. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் 2016-இல் ஆர் மொழியும், 2017-இல் பைத்தானும் உள்ளே வந்தன. 2022 பதிப்பிலோ செட்டப் அந்த ரன்டைம்களைப் போடுவதில்லை. நாமே தனியாகப் போட வேண்டும், அதுவும் ஒவ்வொரு சர்வரிலும்.

இவ்வளவுக்கும் எங்கள் ஃபங்ஷன் பிழை காட்டி நின்றது நல்லது என்றே நினைக்கிறேன். பைத்தான் 2-இல் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3, பைத்தான் 3-இல் 3.5. பழைய ஃபங்ஷனைப் புதிய பைத்தானில் அப்படியே ஓட்டினால் ஒரு பிழையும் காட்டாமல் வேறு தொகை வரும். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது. போஸ்ட்கிரெஸும் 2022 அக்டோபரில் வெளியிட்ட 15-ஆம் வெர்ஷனில் அதைக் கைவிட்டது. இன்னும் பழைய வெர்ஷனில் ஓடுகிற இடத்துக்கு வேலைக்குப் போனால் முதலில் வகுத்தல் குறிகளைத் தேடுங்கள்.

திங்கட்கிழமை சீனியர் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். பைத்தானின் வெர்ஷன், அது மாட்யூல்களைத் தேடும் டைரக்டரிகள், பாண்டாஸின் வெர்ஷன் மூன்றையும் திருப்பித் தருகிற ஒரு குட்டி ஃபங்ஷனை முதல் சர்வரில் எழுதினோம். எந்த ரெப்ளிகேஷன் எங்களைக் கவிழ்த்ததோ, அதே ரெப்ளிகேஷன் இந்த ஃபங்ஷனையும் காப்பி சர்வருக்குக் கொண்டுபோய்விடும். படிக்க மட்டும் அனுமதிக்கிற காப்பி சர்வரில் புதிதாக எழுத முடியாது, ஆனால் அங்கே வந்து சேர்ந்ததை அழைக்கலாம். இரண்டு சர்வரிலும் அழைத்து விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

போட வேண்டிய பேக்கேஜ்களை எண்ணோடு ஒரு கோப்பில் எழுதி, எந்த சர்வரானாலும் அதைப் பார்த்தே நிறுவுவது என்றும் வைத்துக்கொண்டோம். டிஸ்க் மாற்றிய பழைய சர்வரைக் காப்பி சர்வராகச் சேர்த்தபோது குட்டி ஃபங்ஷனை ஓட்டினோம். பாண்டாஸ் இரண்டிலும் 1.5.3 தான். ஆனால் பைத்தான் பழையதில் 3.8, புதியதில் 3.10. அத்தனை மாதம் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அந்த வாரமே பழையதையும் 3.10-க்கு மாற்றினோம், சனிக்கிழமைக்கு முன்பாக.