பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவரின் பெயர் எங்கே?

பிரித்தானியாவில் வாழும் எமது குடும்பங்களில், பிள்ளை பாடசாலைக்குப் போகத் தொடங்கிச் சில மாதங்களுக்குள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்துவிடுகிறான். சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்ட சட்டை, சிலும்பிய தலைமயிர், கையில் கவண். அவன் பெயர் டெனிஸ். அவனுக்குப் பின்னால் அதே நிறக் கோட்டுச் சட்டையுடன் மினி என்றொரு பெண்பிள்ளை வருவாள். அவளுக்குப் பின்னால் ஒரு வகுப்பறை நிறையக் குழப்படிகாரப் பிள்ளைகள் வருவார்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் இவர்களை இன்னாரென்று தெரியாது. பிள்ளைக்குத் தெரியும்.

நாம் இந்நாட்டுக்கு வந்த முதலாவது குளிர்காலத்தில், மூன்று குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட ஒரு வீட்டின் மேல்மாடி அறைக்கு, 'பீனோ' இதழின் பழைய ஆண்டு மலர் ஒன்று வந்து சேர்ந்தது. சரிட்டிக் கடையில் எமது மகன் தெரிந்தெடுத்தது. அப்போது அவனுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்கவே வரும். ஆயினும் சிரித்தான். சதுரத் தொப்பியும் அங்கியுமாக நிற்கும் ஆசிரியர், அவர் முதுகுக்குப் பின்னால் நடக்கும் கலகம்: இவற்றுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கவில்லை. உள்நாட்டமைச்சின் கடிதத்துக்காக எல்லோரும் காத்துக்கிடந்த அந்த வீட்டில், நெடுநாளைக்குப் பின் கேட்ட சிரிப்பு அது.

பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த நூலைக் கையில் எடுத்தாலும் முதலில் எழுதியவர் யாரென்று பார்ப்போம். அந்த ஆண்டு மலரையும் அப்படியே முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தோம். வெளியீட்டாளரின் பெயர் இருந்தது. ஊரின் பெயர் இருந்தது. வரைந்தவரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. சவாரித்தம்பர் என்றால் கூடவே சுந்தரின் பெயரும் நாவில் வரும் ஊரிலிருந்து வந்த எமக்கு, இது விசித்திரமாக இருந்தது.

பிற்காலத்தில் அந்தப் பெயரைத் தேடிப் போனபோது நாம் கண்டடைந்த மனிதர் லியோ பக்ஸென்டேல். 1930 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பிறந்தவர். பெயின்ற் உற்பத்தி செய்யும் ஒரு கம்பனியில் தகரப் பேணிகளுக்கு லேபிள் வரைந்தார். பின்னர் பிரெஸ்டன் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் படம் வரைந்தார். 1952 இல் தம்பியின் கையில் இருந்த 'பீனோ' இதழைப் பார்த்தார். டேவிட் லோ என்பவர் முந்தைய ஆண்டில் உருவாக்கிய டெனிஸ் அதில் இருந்தான். பக்ஸென்டேலின் வாழ்க்கை அந்தப் பக்கத்தோடு திரும்பிவிட்டது. ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில் இருந்த டி. சி. தொம்சன் நிறுவனத்துக்குத் தம் சித்திரங்களை அனுப்பினார். அவை ஏற்கப்பட்டன.

'பீனோ' 1938 ஜூலை 30 இல் இரண்டு பழைய பென்ஸ் விலைக்கு முதன்முதலாக வெளிவந்தது. 1950 ஏப்ரலில் ஓர் இதழ் ஏறக்குறைய 19 இலட்சத்து 74 ஆயிரம் பிரதிகள் விற்றது. தொலைக்காட்சி எல்லா வீடுகளுக்கும் வந்திராத அக்காலத்தில், கிழமைக்கொரு முறை வரும் இவ்விதழே பிள்ளைகளின் அரங்கம். அந்த அரங்கத்துக்குப் பக்ஸென்டேல் மிகக் குறுகிய காலத்தில் பாத்திரங்களைக் கொண்டுவந்து குவித்தார். 1953 ஒக்டோபரில் 'லிட்டில் பிளம்', அதே ஆண்டு டிசெம்பரில் மினி, 1954 பெப்ரவரியில் பள்ளி மணி அடித்தவுடன் வெளியே பாயும் ஒரு வகுப்புக் கூட்டம். இந்தக் கூட்டமே பின்னர் 'பாஷ் ஸ்ட்ரீட் பிள்ளைகள்' என்ற பெயரில் நிலைத்தது. அலுவலக யன்னல் வழியே தெரிந்த டண்டிப் பாடசாலை ஒன்றின் முற்றமே இதற்கு வித்திட்டது என்பர்.

இச்சித்திரங்களின் சுவை எங்கே இருக்கிறது என்று நாம் பலமுறை யோசித்ததுண்டு. அதற்குமுன் வந்த சிறுவர் சித்திரக்கதைகளில் ஒரு பகிடி கட்டம் கட்டமாக நகர்ந்து கடைசிக் கட்டத்தில் முடியும். பக்ஸென்டேலின் பெரிய கட்டங்களிலோ ஒரே படத்துக்குள் இருபது சம்பவங்கள் நடக்கும். ஒரு மூலையில் ஒருவன் மற்றவனின் காலை வாருவான். இன்னொரு மூலையில் எவரும் கவனியாத ஒரு பூனை தன்பாட்டில் ஏதோ செய்துகொண்டிருக்கும். பிள்ளை அந்தப் பக்கத்தை வாசிப்பதில்லை. திருவிழாக் கூட்டத்துக்குள் போவதுபோல் அதற்குள் போய்விடுகிறது. மினி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெண்பிள்ளைகளுக்கென வந்த அக்காலச் சித்திரக்கதைகளில் அடக்கமும் தியாகமும் நிறைந்திருந்தன. மினியோ தெருவிலுள்ள பையன்களை அடித்துக் கலைத்தாள். எமது வீடுகளில் "பொம்பிளைப் பிள்ளை அடங்கி இரு" என்று சொல்லப்பட்டு வளர்ந்த சகோதரிகள், தம் மகள்மார் மினியைப் பார்த்துச் சிரிக்கும்போது என்ன நினைப்பார்களோ நாம் அறியோம்.

எல்லாவற்றையும் புகழ்ந்துவிட முடியாது. 'பீனோ'வின் முதலாவது இதழின் தலைப்பிலேயே கறுப்பினச் சிறுவன் ஒருவனை இழிவாகச் சித்திரித்த படம் இருந்தது. லிட்டில் பிளம், அமெரிக்கப் பூர்வகுடிச் சிறுவனைத் தலையில் இறகுடன் கேலிப் பொருளாக்கியது. நிறத்தின் பெயரால் தெருவில் ஏச்சு வாங்கிய எவரும் இப்பக்கங்களை இலேசாகப் புரட்டிவிட்டுப் போக மாட்டார்கள்.

இனி வேலைக்கு வருவோம். பக்ஸென்டேல் அந்நிறுவனத்தின் மாதச் சம்பள ஊழியர் அல்லர். வெளியிலிருந்து வரைந்து கொடுத்துப் பணம் பெற்றவர். கனத்த தாளில், அச்சாகும் அளவைவிடப் பெரிதாக, முதலில் பென்சிலாலும் பின்னர் கறுப்பு மையாலும் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்ப வேண்டும். ஒரு கூட்டத்தை வரைந்தால் முப்பது முகங்கள். முப்பதும் வெவ்வேறு முகங்கள். கிழமைதோறும் மினி, கிழமைதோறும் பிளம், கிழமைதோறும் பாஷ் ஸ்ட்ரீட். 1956 இல் தொடங்கிய 'பீஸர்' இதழுக்காக அகன்ற பக்கத்தில் இன்னொரு பிள்ளைக் கூட்டம். இலண்டனில் வீட்டறைக்குள் தையல் இயந்திரத்தை வைத்து, உருப்படிக்கு இவ்வளவென்று தைத்துக் கொடுத்த எமது பெண்களுக்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை. சட்டையின் கழுத்தில் தைக்கப்படும் பெயர் தைத்தவளுடைய பெயரல்ல என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

டண்டி நிறுவனம் தொழிற்சங்கங்களை வெளியே வைத்திருந்தது. 1926 இன் பொது வேலைநிறுத்தத்துக்குப் பின்னர், சங்கத்தில் சேர மாட்டோம் என்று ஊழியர்களிடம் அங்கு கையொப்பம் வாங்கப்பட்டது. சங்கத்தில் சேர்ந்த ஒருவர் வேலைநீக்கப்பட்டதால் எழுந்த பிணக்கு 1952 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. 'தொம்சன் எதிர் டீக்கின்' என்ற அவ்வழக்கைச் சட்டம் பயின்ற எமது வாசகர்கள் நினைவுகூரக்கூடும். பக்ஸென்டேல் அந்நிறுவனத்துக்கு வரையத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1962 இல் அவர் விலகினார். பழைய கொதிகலன் வெடித்ததைப் போலத் தாம் வெடித்துப் போனதாக அவரே பின்னர் கூறியிருக்கிறார். ஒரு தலைமுறைப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவர், வேலைப்பளுவால் நொறுங்கி வெளியேறியபோது, அப்பிள்ளைகளுள் ஒருவருக்கேனும் அது தெரிந்திருக்க நியாயமில்லை. அடுத்த கிழமையும் மினி வந்தாள். அடுத்த கிழமையும் மணி அடித்தது. பிள்ளைகளுக்குப் போனவரையும் தெரியாது, வந்தவரையும் தெரியாது.

பின்னர் அவர் ஒடம்ஸ் நிறுவனத்துக்காக 1964 இல் 'வாம்!' என்ற இதழை உருவாக்கத் துணைநின்றார். அக்காலத்தில் வியட்நாம் போரை எதிர்த்துத் தாமே ஒரு செய்திமடலையும் வெளியிட்டு வந்தார் என்பது பலர் அறியாத செய்தி. அதன்பின் இலண்டன் இதழ்களுக்கு வரைந்தார். 1975 இல் வாராந்தச் சித்திரக்கதைகளை விட்டு முற்றாக விலகினார். தம் பெயரைத் தாங்கிய 'வில்லி த கிட்' நூல்களை 1976 தொடக்கம் வெளியிட்டார். நாற்பத்தைந்து வயதுக்குப் பின்னர் புத்தக அட்டையில் சொந்தப் பெயர்! 1978 இல் தம் தொழிலைப் பற்றிய நினைவுக் குறிப்புகளை நூலாக்கினார். பெயரற்ற ஒரு தொழிலுக்குள்ளிருந்து ஒருவர் வெளியே வந்து, உள்ளே நடந்ததைத் தம் வாயால் சொன்ன நூல் அது.

1980 களில் அவர் செய்தது அதைவிடத் துணிகரமானது. தாம் பெற்ற பாத்திரங்கள் மீதான உரிமையைக் கோரித் தொம்சன் நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். பிரித்தானியச் சட்டத்தின் பொது விதி இதுதான்: ஊழியர் தம் வேலையின்போது ஆக்கியது முதலாளிக்குச் சேரும், வெளியிலிருந்து ஆக்கிக் கொடுப்பவரின் பதிப்புரிமையோ, அவர் எழுத்தில் கையளித்தாலன்றி அவரிடமே இருக்கும். விதி தெளிவானது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததை நீதிமன்றத்தில் நிறுவுவது வேறு காரியம். ஒருபக்கம் தனிமனிதர், மறுபக்கம் ஒரு பெரும் நிறுவனத்தின் சட்டத்தரணிகள். ஏழு ஆண்டுகள் இழுபட்டு, 1987 இல் நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கம் ஏற்பட்டது. மினியும் பாஷ் ஸ்ட்ரீட் பிள்ளைகளும் 'பீனோ'விலேயே தொடர்ந்தனர். அவர் தமக்கென ஒரு சிறு பதிப்பகத்தை நிறுவிக்கொண்டார்.

வெளியீட்டாளர் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. பிள்ளை தேடுவது மினியைத்தான், ஓவியரை அல்ல. ஓவியர் நோயுற்றாலும் இறந்தாலும் மினி வந்தாக வேண்டும் என்பர். அதில் பாதியை நாம் ஏற்கிறோம். மினி வந்தாக வேண்டும் என்பதற்காகப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெயரைச் சிறிய எழுத்தில் இடக்கூடாதென்று எங்கே எழுதியிருக்கிறது? அதே நிறுவனத்தில் டட்லி வொட்கின்ஸ் என்பவருக்கு மட்டும் கையொப்பமிடும் சலுகை கிடைத்தது. அதனால் விற்பனை குறைந்துவிடவில்லை. இலண்டனில் 1977 இல் தொடங்கிய '2000 ஏ.டி.' இதழ் ஓவியர், எழுத்தாளர் பெயர்களை அச்சிடலாயிற்று. அதனாலும் உலகம் கவிழ்ந்துவிடவில்லை.

சட்டம் உதவியதா? 1988 இன் பதிப்புரிமைச் சட்டம், ஆக்கியவர் தம் பெயரால் இனங்காணப்படும் உரிமையை இந்நாட்டில் முதன்முறையாக முறையாக வகுத்தது. ஆனால் பத்திரிகைக்கும் சஞ்சிகைக்குமென ஆக்கப்பட்டவை அங்கே வெளியாகும்போது அவ்வுரிமை செல்லாது என்று அதே சட்டம் விலக்கும் அளித்தது. எமது சொந்தத் தொழிலையும் தொடுகிற விலக்கு அது என்பதால் இதை இரண்டு முறை வாசித்துப் பார்த்தோம்.

வொட்கின்ஸ் 1969 இல் வரைந்துகொண்டிருந்த மேசையிலேயே உயிர் நீத்தார். பக்ஸென்டேலின் சமகாலத்தவரான கென் ரீட், 1987 இல் அவ்வாறே வரைபலகையின் முன் மறைந்தார். பக்ஸென்டேலுக்கு மூட்டுவாதம் வந்தது. 1990 முதல் 'கார்டியன்' நாளிதழில் வரைந்து வந்த சித்திரத் தொடரை 1992 இல் நிறுத்தினார். 2017 ஏப்ரல் 23 இல் தமது 86 ஆவது வயதில் காலமானார். அடுத்து வந்த நாட்களில் பெரிய நாளிதழ்கள் அவருடைய பெயரை மினியின் படத்தோடு சேர்த்து அச்சிட்டன. பிற்காலத்தில் 'பீனோ'விலும் ஓவியர்களின் பெயர்கள் இடம்பெறத் தொடங்கின.

அச்செய்தியை வாசித்த அன்று, பெட்டிக்குள் கிடந்த பழைய ஆண்டு மலரை எடுத்து, பாஷ் ஸ்ட்ரீட் பக்கத்தின் கீழ்மூலையில் பென்சிலால் 'லியோ பக்ஸென்டேல்' என்று எழுதி வைத்தோம். சில வாரங்களின் பின்னர் எமது தவறு தெரிந்தது. அந்த மலர் 1970 களுக்குரியது. 1962 இல் பக்ஸென்டேல் விலகியதும் அப்பிள்ளைகளைப் பொறுப்பேற்றவர் டேவிட் சதர்லண்ட் என்ற இன்னொருவர். அறுபது ஆண்டுகள் அவர்களை வரைந்தார். 2023 இன் புத்தாண்டுக் கௌரவப் பட்டியலில் அவருடைய பெயர் வெளியானது. அந்த ஜனவரி முடிவதற்குள் அவரும் மறைந்தார். மினியையும் ஜிம் பெற்ரி என்பவர் நாற்பது ஆண்டுகள் வரைந்திருக்கிறார். மகனை முதன்முதலாகச் சிரிக்க வைத்தவர் சதர்லண்ட்தான். அப்பாத்திரங்களைப் பெற்றவர் பக்ஸென்டேல்.

அழிறப்பரை எடுக்கப் போனோம். மகன் தடுத்தான். இப்போது அவன் வளர்ந்துவிட்டான், வேலைக்கும் போகிறான். "அழிக்க வேண்டாம் அப்பா, பக்கத்தில மற்றவரையும் எழுதுங்கோ" என்றான்.