நான் விரும்பும் திரைப்படம்

திரைப்படம் பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று. நல்ல படம் வரலாற்றையும் கண்முன் நிறுத்தும். அத்தகைய படங்களுள் நான் பெரிதும் விரும்புவது, பி. ஆர். பந்துலு இயக்கத்தில் 1961ஆம் ஆண்டு வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ ஆகும். வ. உ. சிதம்பரனாராகச் சிவாஜி கணேசன் நடித்துள்ளார்.

1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்த வ. உ. சி., தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். 1908இல் ஆங்கில ஆட்சி அவரைச் சிறையிலடைத்தது. வழக்கறிஞராய் விளங்கியவர், கோவைச் சிறையில் மாடுபோலச் செக்கிழுத்தார். சிறைவாசத்திலும் அவர் நூலெழுதுவதைக் கைவிடவில்லை.

செக்கிழுக்கும் காட்சி கண்டோர் கண்கலங்குவர். ஆயினும், கண்ணீரோடு நின்றுவிடலாகாது. உழைத்துக் காய்த்த கையும் எழுதுகோல் பிடிக்க வல்லது என்பதே, தோட்டத்தில் பாடுபடும் பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும் அப்படம் புகட்டும் பாடம்.

மாணவச் செல்வங்களே! பெர்மாஸ் ஜெயாவிலிருந்து பாசீர் கூடாங் துறைமுகம் தொலைவிலில்லை. அங்குக் கப்பலைக் காணும்போதெல்லாம் அப்பெருமகனாரை நினைவுகூர்வீர்களாக!